போட்டுத் தட்டு மக்கிப்போச்சா? மீன்பிடித் தடைக்காலத்தில் கைகொடுக்கும் 25 குறிப்புகள்

ஏப்ரல் 15 பிறந்தால் புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் இன்ஜின் சத்தம் அடங்கி, உளிச் சத்தம் தொடங்கும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கையில் இருக்கும் காசு முதலில் இன்ஜினுக்கும் வலைக்கும் போகும். கால் வைத்து நிற்கிற மேல்தட்டு கடைசியில்தான் ஞாபகம் வரும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு வருஷம், தட்டு மெத்தென்று அமுங்கிய இடத்தின் மேலேயே பைபர் ஒட்டச் சொல்லி, பெயின்ட் அடித்துப் பளபளவென்று இறக்கிவிட்டோம். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள், ஐஸ் கூடை தூக்கிவந்த சித்தப்பாவின் கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. பைபர் முட்டை ஓடு மாதிரி நொறுங்கியிருந்தது. அதன் கீழே மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஆசாரிகளிடமும் பைபர் வேலைக்காரர்களிடமும் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிவைத்தவை இவை. வம்பாகீரப்பாளையமோ, வைத்திக்குப்பமோ, வீராம்பட்டினமோ, மரப் போட்டு, பைபர் போட்டு எது வைத்திருந்தாலும் உதவும்.

கண்டுபிடிக்க

1. முதலில் காது. சுத்தியலின் மரப்பிடியால் சாணுக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் ‘டங்’ என்று கெட்டியாகச் சத்தம் தரும், மக்கிய மரத்தில் ‘பொத்’ என்று கேட்கும். சத்தம் மாறும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். முடித்தபின் எழுந்து நின்று பார்த்தால், வட்டங்கள் எந்தப் பக்கம் கூடியிருக்கின்றன என்று தெரியும். தண்ணீர் இறங்கும் இடம் பெரும்பாலும் அந்தக் கூட்டத்துக்கு மேட்டுப் பக்கம் இருக்கும்.

2. பிறகு குத்தூசி. வட்டத்துக்குள் குத்தி அழுத்துங்கள். வைரம் பாய்ந்த மரத்தில் நுனி மட்டும் பதியும். மக்கிய மரத்தில் வாழைத்தண்டில் இறங்குவதுபோல இறங்கும். ஊசியால் ஒரு சிம்பை நெம்பிப் பாருங்கள். நல்ல மரம் நீளமாகக் கிழிந்து வரும், கெட்ட மரம் குட்டையாகச் சட்டென ஒடியும். காய்ந்த மக்கல் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். விரலில் வைத்து நசுக்கினால் மூக்குப்பொடி மாதிரி உதிரும்.

3. பைபர் போட்டு என்றால் மரமே இல்லை என்று நினைக்காதீர்கள். பல போட்டுகளில் தட்டுக்குள்ளும், மோட்டார் மாட்டும் பின்பலகைக்குள்ளும் பிளைவுட் ஒளிந்திருக்கும். வெறுங்காலோடு நடந்து பாருங்கள். எங்கே அமுங்கி எழும்புகிறதோ அங்கே சந்தேகப்படுங்கள். சின்ன டிரில் ஊசியால் அடிப்பக்கத்திலிருந்து ஒரு துளை போட்டு, வெளியே வரும் தூளைக் கையில் எடுங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து வந்தால் நல்லது. கறுத்து ஈரமாக, காளான் வாசனையோடு வந்தால் உள்ளே போய்விட்டது. மேல்பக்கத்திலிருந்து துளை போட்டால் தண்ணீர் இறங்க இன்னொரு வழியைத் திறந்துவிட்டதாக ஆகும்.

4. தட்டு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மக்குவதில்லை. மீன் அறை வாயின் நான்கு மூலை, கேபின் சுவர் தட்டில் உட்காரும் இடம், வின்ச் போல்ட்டைச் சுற்றி, கைப்பிடிக் கம்பங்களின் அடி, பலகையின் வெட்டு முனை ஆகிய ஐந்தையும் முதலில் பாருங்கள். தட்டை ஒருவர் துளைத்து எதையாவது மாட்டிய இடமெல்லாம் சந்தேகத்துக்குரிய இடம்தான்.

5. மேலே பார்த்தது போதாது, டார்ச்சோடு மீன் அறைக்குள் இறங்கித் தட்டின் அடிவயிற்றைப் பாருங்கள். ஐஸ் உருகிய தண்ணீர் உப்பில்லாத நல்ல தண்ணீர். அதன் குளிர்ச்சியில் குறுக்குக்கட்டைகளின் அடியில் வியர்வை மாதிரி ஈரம் பூத்துக்கொண்டே இருக்கும். மேலே பலகை பழுதில்லாமல் இருக்க, கீழே கட்டை மட்டும் மக்கிப்போகும் போட்டுகள் இதனால்தான் உண்டாகின்றன.

6. கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் தட்டுக்கு எதிரி. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. உப்பில் ஊறிய மாங்காய் கெடாமல் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கப்பல்களில் கட்டைகளுக்கு நடுவே உப்பையே கொட்டி வைத்தார்கள். நம் ஊருக்கு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழைக்குப் பின் வாரக்கணக்கில் கட்டிக்கிடந்த போட்டை அவசியம் சோதியுங்கள்.

7. மக்கலும் புழுவும் வேறு வேறு. தண்ணீருக்குள் கிடக்கும் அடிப்பலகையில் சுண்ணாம்பு பூசிய குழல் மாதிரித் துளைகள் இருந்தால் அது கப்பல் புழு. கரையேற்றி முட்டுக்கட்டையில் நிற்கும் போட்டில் மண் கோடு ஏறினால் அது கரையான். தட்டில் பழுப்பாகவோ வெளுத்தோ மெத்தென்று போனால் அது பூஞ்சை. மருந்து ஒவ்வொன்றுக்கும் மாறும் என்பதால், ஆசாரியைக் கூப்பிடுமுன் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வெட்டும் முன்

8. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் பலகையை மாற்றாதீர்கள். சந்தேகமான இடத்தைச் சுற்றி மாவு பிசைந்து சின்னக் கரை கட்டி, நீலம் கலந்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள். ஒருவர் கீழே டார்ச்சோடு உட்கார்ந்து, எங்கே நீலம் கசிகிறது என்று பார்க்கட்டும். ஓர் இடம் முடிந்தபின் அடுத்த இடம். துணிக்குப் போடும் நீலம் போதும்.

9. வேலையை ஏப்ரல் கடைசியிலேயே தொடங்குங்கள். பழுதானதை வெட்டி எடுத்தபின் மிச்ச மரம் காய வெயில் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பூஞ்சை வளர்ச்சி நிற்கும். மீட்டர் இல்லையென்றால், ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி விட்டுவையுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. ஜூன் முதல் வாரத்தில் அவசரமாக மூடிய தட்டுதான் அடுத்த வருஷமும் வேலை வைக்கும்.

10. மூடிக்கிடந்த மீன் அறைக்குள் உடனே இறங்காதீர்கள். அழுகிய மீன் தண்ணீரிலிருந்து கிளம்பும் வாயு ஆளை மயக்கி விழுத்தாட்டும், உயிரையும் எடுக்கும். மூடியைத் திறந்து, அடித் தண்ணீரை இறைத்து, மின்விசிறி வைத்துக் காற்றை ஓட்டிய பிறகே இறங்குங்கள். மேலே ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. இரண்டாவது உயிர் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

11. பிரிப்பதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காலண்டர் அட்டையைத் தட்டின்மேல் விரித்து, போல்ட் துளைகளையும் குறுக்குக்கட்டைக் கோடுகளையும் பென்சிலால் வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பலகை வெட்ட அதுதான் அளவு. டீசல் கேன், பேட்டரி, வயர் எல்லாவற்றையும் முதலில் இறக்கிவிடுங்கள். அறுக்கும் மெஷினிலிருந்து தெறிக்கும் ஒரு பொறி போதும்.

12. மக்கல் முடியும் இடத்தோடு நிறுத்தாதீர்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி நூல் நூலாக ஓடியிருக்கும். நல்ல மரத்துக்குள் ஒரு சாணாவது போய், பக்கத்துக் குறுக்குக்கட்டையின் நடுக்கோட்டில் வெட்டுங்கள். அப்போதுதான் பழைய பலகையின் முனைக்கும் புதியதின் முனைக்கும் உட்கார இடம் கிடைக்கும். மெஷின் பிளேடின் ஆழத்தைப் பலகைத் தடிமனுக்கு மட்டும் வையுங்கள். கொஞ்சம் கூடினாலும் கட்டையும் சேர்ந்து அறுபடும்.

13. குறுக்குக்கட்டைகளை மொத்தமாகப் பிடுங்காதீர்கள். இரண்டு பக்கச் சுவரையும் விரியாமல் இழுத்துப் பிடிப்பது அவைதான். ஒன்றை எடுத்து, புதியதை மாட்டி, பிறகு அடுத்தது. மாற்றும்வரை அடியில் முட்டுக் கொடுங்கள். ஒரு முனை மட்டும் கெட்டிருந்தால், அந்த இடத்தைச் செதுக்கி எடுத்து, பக்கத்தில் நல்ல கட்டை ஒன்றை ஒட்டி போல்ட் போட்டால் போதும்.

மரமும் பலகையும்

14. மரம் வாங்கும்போது பேரைவிட வைரத்தைப் பாருங்கள். தேக்கு, வேங்கை, அயினி எல்லாம் போட்டுக்கு நல்ல மரம்தான். ஆனால் தேக்கின் வெளிப்பக்க வெள்ளை மரமும் சீக்கிரம் மக்கும். பலகையின் ஓரத்தில் வெளிர்ப் பட்டை ஓடினால் அதைச் சீவிவிட்டு அளவு போடச் சொல்லுங்கள். ஈர மரம் வேண்டாம். காய்ந்து சுருங்கும்போது இடைவெளி விட்டு, ஒவ்வொரு சந்திலும் தண்ணீர் இறங்கும்.

15. பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பலகை கேளுங்கள். ‘வாட்டர்புரூஃப்’ என்று கடையில் வாயால் சொல்வது கணக்கில்லை. ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால் அந்தத் தாள் வேண்டாம். வெட்டிய மிச்சத் துண்டு ஒன்றைச் சமையலுக்குப் பயன்படாத பழைய சட்டியில் சில மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் கத்தி நுனியால் நெம்புங்கள். அடுக்கு பிரிந்து வந்தால் அது தட்டுக்கு ஆகாது.

16. பலகை தண்ணீர் குடிப்பது முகத்தில் அல்ல, வெட்டு முனையில். கரும்பை நுனியில் உறிஞ்சுவதுபோல மரமும் முனை வழியாகத்தான் உறிஞ்சும். ஆகவே வெட்டிய ஒவ்வொரு முனைக்கும் எப்பாக்சியை இரண்டு கை தடவுங்கள். முதல் கை முழுதும் உள்ளே போய்விடும், இரண்டாவதுதான் மேலே நிற்கும். பலகையைப் பொருத்தியபின் அந்த முனை கைக்கு எட்டாது. மாட்டுமுன்பே முடித்துவிடுங்கள்.

17. இரும்பு ஆணி துருப்பிடித்தால் ஆணி மட்டும் போவதில்லை, சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவைத்து இற்றுப்போகச் செய்யும். எவர்சில்வர் ஸ்க்ரூவில் 316 என்ற ரகம் உப்புக் காற்றைத் தாங்கும், 304 சீக்கிரம் கறை பிடிக்கும். பித்தளை ஸ்க்ரூ உப்புத் தண்ணீரில் நாளாக நாளாக உதிர்ந்துபோகும். முன்பு நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து புதுச்சேரிக் கரைக்குச் சரக்கு கொண்டுவந்த மசூலாப் படகில் பலகைகளைக் கயிற்றால்தான் தைத்திருப்பார்கள். இற்ற பலகையை மட்டும் பிரித்து, புதியதை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். நம் தட்டிலும் நாளைக்குக் கழற்ற முடிகிற மாதிரி ஸ்க்ரூ போடுவதே நல்லது.

18. வின்ச், கொக்கி, கம்பம் எதை மாட்டினாலும் போல்ட் அளவைவிடப் பெரிய துளை போடுங்கள். அதை எப்பாக்சிப் பசையால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை, நாளைக்குக் கசிந்தாலும் பலகை ஈரம் குடிக்காது. ஒரு போல்ட்டுக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகும். மேஸ்திரி சலித்துக்கொண்டால், ‘அண்ணே, இது மட்டும் எனக்காக’ என்று சொல்லிச் செய்ய வையுங்கள்.

19. மரப் பலகைத் தட்டின் சந்துகளில் கலப்பத்து அடிக்கும்போது பக்கத்தில் இருங்கள். பஞ்சுத் திரியை உளி வைத்து அடிக்கையில் சத்தம் மாறிக் கெட்டியாகும், அதுதான் போதுமென்ற அடையாளம். அதற்கும் மேல் அடித்தால் பலகையே விலகும். மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய மெழுகோ, கடையில் விற்கும் பாலியூரித்தேன் பசையோ பூசலாம். தட்டு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கிறதா என்று ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஓடினால் சரி, தேங்கினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பைபர் வேலை

20. மரத்தின் மேல் நேராகப் பைபர் போடுவதென்றால் எப்பாக்சிதான் பிடிக்கும். போட்டு வார்க்கும் சாதாரண பாலியஸ்டர் ரெசின் மரத்தோடு அவ்வளவாக ஒட்டாது. சில மழையில் விளிம்பு எழும்பி, உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். பழைய தனித்தனிப் பலகைத் தட்டு மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். அதன்மேல் பைபர் போர்த்தினால் சந்துக்குச் சந்து வெடிக்கும். காசு குறைவென்றால், கலப்பத்தைப் புதுப்பித்துக்கொண்டு பைபரை விட்டுவிடலாம்.

21. பாலியஸ்டருக்குக் கேட்டலிஸ்ட் அளவு எடையில் 1 முதல் 2 சதவீதம், அதாவது 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். மே மாத வெயிலில் குறைந்த அளவே போதும். கூட ஊற்றினால் டப்பாவிலேயே கொதித்து இறுகும். அரைக் கிலோவாகக் கலந்து, தீர்ந்தபின் அடுத்தது. எப்பாக்சிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் டப்பாவில் போட்ட விகிதத்தை அப்படியே அளந்து எடுங்கள், ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்காதீர்கள்.

22. கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சலரேட்டரையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, பிறகு மற்றது. இரண்டு பாட்டிலையும் வெவ்வேறு பெட்டியில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் உடனே குழாயடியில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கண்ணாடி போடாமல் கலக்க விடாதீர்கள்.

23. பைபர் தூள் பட்ட உடம்பைச் சுடுதண்ணீரில் தேய்த்துக் குளித்தால் அரிப்பு கூடும். முதலில் பச்சைத் தண்ணீரைத் தேய்க்காமல் ஊற்றிக்கொள்ளுங்கள், பிறகு சோப்பு. வேலைக்குப் போட்ட லுங்கி, சட்டையை வீட்டுத் துணியோடு ஊறவைக்காதீர்கள். குழந்தையின் சட்டையில் ஒட்டிக்கொண்ட ஒரு தூள் ராத்திரி முழுக்க அழவைக்கும். கழற்றிய பலகையை அடுப்புக்கும் வெந்நீருக்கும் எடுத்துப்போகாதீர்கள். பழைய பெயின்டும் பைபரும் எரிந்தால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது.

பிறகு

24. தட்டைப் பார்த்த அதே கண்ணோடு வீட்டு மெத்தைத் தளத்தையும் ஒருமுறை பாருங்கள். நம் ஊர்ப் பழைய மெத்தை வீடுகளில் தேக்குக் கட்டை அடுக்கி, மேலே செங்கல் பாவிச் சுண்ணாம்பு போட்டிருப்பார்கள். கட்டையின் நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் நுழைந்திருக்கும் முனைதான் ஈரம் குடித்து முதலில் போகும். குத்தூசியை அங்கே வையுங்கள். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி இடிந்து விழுந்ததை ஊர் மறந்திருக்காது. மொட்டைமாடித் தூம்பில் அடைத்த சருகை ஐப்பசிக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

25. கடலிலிருந்து வந்ததும் தட்டைக் கடல் தண்ணீரால் கழுவிவிடுங்கள், மீன் அறையைத் துடைத்து மூடியைச் சற்றுத் திறந்து காற்றாட வையுங்கள். மழைக்காலத்தில் தார்ப்பாயைத் தட்டோடு ஒட்டிப் போர்த்தாமல், நடுவில் கம்பு கொடுத்துக் கூரை மாதிரிக் கட்டுங்கள். மழை விட்ட மறுநாள் காலை யாராவது ஒருவர் ஏறி, மூலைகளில் நிற்கும் தண்ணீரைப் பழைய துணியால் ஒற்றி எடுக்கட்டும். எங்கள் வீட்டில் இது இப்போது சித்தப்பாவின் வேலை. யாரும் சொல்லாமலே போய்விடுகிறார்.